காப்பர் டி வச்சதுக்கு அப்புறம் ரத்தப்போக்கு தாங்க முடியலை, எடுத்துடலாமா?

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு வயசு 27. ரெண்டாவது பையன் பிறந்து 8 மாசம் ஆகுது. அரசு ஆஸ்பத்திரியில சிசேரியன், அப்பவே காப்பர் டி வச்சுட்டாங்க. வலியில இருக்கும்போது ஏதோ கேட்டாங்க, நானும் தலையாட்டினேன்னு சொல்றாங்க, எனக்கு சரியா ஞாபகமே இல்லை, டிஸ்சார்ஜ் கார்டுல எழுதியிருந்ததைப் பாத்துத்தான் வீட்டுல எல்லாருக்கும் தெரியும். தாய்ப்பால் குடுக்கறதால ஆறாவது மாசம்தான் பீரியட்ஸ் வந்துச்சு. முன்னாடியெல்லாம் 4 நாள்ல முடிஞ்சுடும், இப்போ 9 நாள் போகுது, முதல் 3 நாள் ராத்திரி ரெண்டு பேட் சேத்து வச்சாலும் பாய் வரைக்கும் நனைஞ்சுடுது, கட்டி கட்டியா வேற விழுது. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. மாமியார் "லூப் வச்சா அப்படித்தான், பழகிடும், எடுத்துட்டா அடுத்தது வந்து நிக்கும்"ங்கறாங்க. எங்கம்மா உடம்பு சூடுன்னு வெந்தயம் ஊற வச்சு குடுக்கறாங்க. எடுக்கச் சொல்லிக் கேட்டா ஆஸ்பத்திரியில திட்டுவாங்களோன்னு பயமா இருக்கு. என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: மூச்சு வாங்குதுன்னு கடைசியில போற போக்குல எழுதியிருக்கீங்களேம்மா, எனக்கு அதுதான் முதல் கவலை. காப்பர் டியை எடுக்கறதா வைக்கறதாங்கறதை அப்புறம் பேசுவோம், இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பாருங்க. கர்ப்பமா இல்லாத பொம்பளைக்கு 12க்கு மேல இருக்கணும், அதுக்குக் கீழ போனாலே ரத்தசோகைதான், 8க்குக் கீழன்னா ரொம்ப மோசம், உடனே வைத்தியம் பாக்கணும். இன்னொண்ணு கவனிச்சீங்களா, பிரசவத்துக்கு அப்புறம் அரசாங்கம் குடுக்கற இரும்புச்சத்து மாத்திரை 180 நாள் கணக்குக்குத்தான், அதாவது உங்களுக்கு மாத்திரை முடியற சமயத்துலதான் பீரியட்ஸ் திரும்ப வந்திருக்கு, அதுவும் இவ்வளவு அதிகமா. ஏற்கனவே ரெண்டு பிரசவம், ஒரு ஆபரேஷன், பால் வேற குடுக்கறீங்க, உடம்பு எங்க இருந்து ஈடு குடுக்கும்?

உங்க மாமியார் சொல்றதுல பாதி சரி. காப்பர் டி வச்ச முதல் 3 மாசத்துல இருந்து 6 மாசம் வரைக்கும் ரத்தம் அதிகமா போறதும் நாள் நீளறதும் வலி கூடறதும் சகஜம்தான், நிறைய பேருக்கு அப்புறம் குறையும். செம்புக்கம்பி சுத்தின அந்தச் சின்ன பிளாஸ்டிக், கர்ப்பப்பையோட உள்சவ்வுல லேசான அழற்சியை உண்டாக்குது, அதாலதான் விந்தணு பிழைக்காம போகுது, அதே அழற்சியால புரோஸ்டாகிளான்டின்னு ஒரு ரசாயனம் கூடுது, அந்த இடத்துல ரத்தம் உறையறதும் தாமதமாகுது, அதான் இப்படிப் போகுது. சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. வெந்தயம் சாப்பிடறதுல தப்பில்லை, ஆனா அதை நம்பி உக்காந்திருக்காதீங்க. பீரியட்ஸ் திரும்பி வந்த கணக்குல பாத்தா உங்களுக்கு இது ஆரம்பம்தான், போகப் போகக் குறைய வாய்ப்பு இருக்கு. ஆனா பழகிடும்னு சொல்லி மருந்தே இல்லாம பொறுத்துக்கச் சொல்றது நியாயமே இல்லை, அதைத்தான் என்னால ஏத்துக்க முடியலை. 1965ல நம்ம நாட்டுல, காப்பர் டிக்கு முன்னாடி இருந்த பிளாஸ்டிக் லூப்பை வைக்கற திட்டம் ஆரம்பிச்சப்போ ஊர் ஊரா வச்சாங்க, ரத்தப்போக்குன்னு வந்த பொம்பளைங்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பாக்க சரியான ஏற்பாடு இல்லை, அதாலயே ஜனங்களுக்கு அது மேல இருந்த நம்பிக்கை போச்சு. அந்தத் தலைமுறை பல்லைக் கடிச்சுட்டு இருந்துச்சுன்னா வேற வழி குடுக்கலைன்னுதான் அர்த்தம், உங்களுக்கு வழி இருக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல்ல அது சரியான இடத்துல இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. பிரசவத்தப்பவோ சிசேரியன்லயோ வச்சது கொஞ்சம் நழுவ, தானா வெளியே வந்துட வாய்ப்பு மத்த நேரத்துல வச்சதை விட அதிகம். இடம் மாறி பாதி இறங்கி இருந்தாலும் ரத்தப்போக்கும் வலியும் கூடலாம், அப்போ கர்ப்பம் தடுக்கும்னும் நம்ப முடியாது. காப்பர் டியோட அடியில தொங்கற நூல் தெரியுதான்னு பாப்பாங்க, சிசேரியன்ல வச்சா நூல் கீழ இறங்கித் தெரியவே நாளாகலாம், அதுக்குப் பயப்படாதீங்க, ஒரு ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சுடும். இடம் மாறியிருந்தா எடுத்துட வேண்டியதுதான், அதுல ரெண்டு பேச்சே இல்லை. காய்ச்சல், அடிவயித்து வலி, நாத்தத்தோட வெள்ளைப்படுதல் இருந்தா அதையும் கூச்சப்படாம சொல்லுங்க, கிருமித் தொற்று இருக்கான்னு பாக்கணும். கர்ப்பம் இல்லைன்னு ஒரு யூரின் டெஸ்ட்டும் எடுத்துடுவாங்க.

எல்லாம் சரியா இருந்தா மாத்திரை இருக்கு. மெஃபனமிக் ஆசிட், இல்லைன்னா ஐபுபுரோஃபென், இது வலிக்கு மட்டும்னு நினைக்கறாங்க, அந்தப் புரோஸ்டாகிளான்டினைக் குறைக்கறதால ரத்தப்போக்கும் குறையும், ஆனா வலி வந்தா ஒண்ணு போடறதுன்னு இருந்தா அந்தப் பலன் கிடைக்காது, பீரியட்ஸ் ஆரம்பிச்ச அன்னைக்கே தொடங்கி டாக்டர் சொன்ன நேரத்துக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் 3ல இருந்து 5 நாள் தொடர்ந்து போடணும். அல்சர், ஆஸ்துமா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. இன்னொண்ணு டிரானெக்ஸாமிக் ஆசிட், இது ரத்தக்கட்டி சீக்கிரம் கரைஞ்சு போகாம பாத்துக்கும், அதிகமா போற நாட்களுக்கு மட்டும்தான். கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் உறைஞ்ச சரித்திரம் இருக்கறவங்க தொடக்கூடாது. பால் குடுக்கறேன்னு சொல்லி, டாக்டர் எழுதிக் குடுத்து வாங்குங்க, மெடிக்கல் ஷாப்ல நீங்களா கேட்டு வாங்காதீங்க. ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம், ரத்தப்போக்கைக் கூட்டிடும்.

இரும்புச்சத்து மாத்திரையை திரும்ப ஆரம்பிக்கச் சொல்வாங்க. டீ, காபி குடிச்ச கையோட போடாதீங்க, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க, எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ கூட இருந்தா நல்லா ஏறும். மலம் கருப்பா போகும், அது மாத்திரையால வர்றதுதான். ஹீமோகுளோபின் ஏறின உடனே நிறுத்திடறாங்க பாருங்க, அங்கதான் திரும்ப இறங்கிடுது, அதுக்கு மேல 3 மாசமாவது போடணும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை எல்லாம் சாப்பிடுங்க, அசைவம் சாப்பிடறவங்கன்னா சுவரொட்டி, அதான் ஆட்டு மண்ணீரல், ரொம்ப நல்லது, ஆனா இவ்வளவு இறங்கின பிறகு சாப்பாடு மட்டும் போதாது. மாத்திரை ஒத்துக்கலை, இல்லை ரொம்பக் கம்மின்னா டிரிப்ஸ்ல இரும்புச்சத்து ஏத்துவாங்க, அரசு ஆஸ்பத்திரியிலயே உண்டு.

ஒரு பேட் ஒரு மணி நேரத்துல முழுசா நனைஞ்சு அப்படியே ரெண்டு மூணு மணி நேரம் தொடர்ந்தா, அஞ்சு ரூபா காசை விடப் பெரிய கட்டியா விழுந்துட்டே இருந்தா, மயக்கம் வந்தா, நெஞ்சு படபடன்னு அடிச்சா, காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, 108க்கு போன் பண்ணிடுங்க. பீரியட்ஸ் தள்ளிப் போய் ஒரு பக்கமா வயிறு வலிச்சாலும் உடனே போகணும், காப்பர் டி இருக்கும்போது கர்ப்பம் தங்கறது அபூர்வம், ஆனா தங்கினா கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாய்ல தங்கியிருக்கான்னு பாத்தே ஆகணும்.

இப்போ எடுக்கறது. இது உங்க உடம்பும்மா. எடுக்கணும்னு நீங்க கேட்டா எடுத்துத்தான் ஆகணும், 10 வருஷம் வேலை செய்யும்ங்கறதால 10 வருஷம் வச்சிருந்தே ஆகணும்னு எந்தச் சட்டமும் கிடையாது. நூல் தெரிஞ்சா சில நிமிஷ வேலை, மயக்க மருந்தெல்லாம் தேவைப்படாது. கேட்டது ஞாபகமே இல்லைன்னு எழுதியிருக்கீங்க, படிக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு, பிரசவ வலியில வாங்கற சம்மதத்தை நான் சம்மதம்னு ஒத்துக்க மாட்டேன், கர்ப்பமா இருக்கும்போதே நிதானமா உக்கார வச்சுப் பேசியிருக்கணும். என் யோசனை, மாத்திரையோட 2, 3 பீரியட்ஸ் பாருங்க, குறைஞ்சா வச்சுக்கலாம். ஹீமோகுளோபின் ரொம்பக் கம்மியா இருந்தாலோ, உங்களுக்கே மனசு ஒப்பலைன்னாலோ, அதுவரைக்கும் கூட காத்திருக்க வேண்டாம், எடுத்துடுங்க.

எடுத்த உடனே கர்ப்பமாகலாம், அதுல மாமியார் பயம் சரிதான், அதனால எடுக்கறதுக்கு முன்னாடியே அடுத்து என்னன்னு முடிவு பண்ணிடணும். பால் குடுக்கறவங்களுக்கும் ஏத்தது சாயா மாத்திரை, லக்னோவுல இருக்கற மத்திய அரசோட மருந்து ஆராய்ச்சி நிலையத்துல கண்டுபிடிச்சது, ஹார்மோன் இல்லை, முதல் 3 மாசம் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு, அரசு ஆஸ்பத்திரியில இலவசம். அந்தரான்னு 3 மாசத்துக்கு ஒருமுறை போடற ஊசியும் இலவசம்தான், அதுல பீரியட்ஸ் முறை தவறும், விட்டு விட்டு பட்டுட்டே இருக்கலாம், அதைத் தெரிஞ்சுகிட்டுப் போடுங்க. காப்பர் டி மாதிரியே கர்ப்பப்பைக்குள்ள வைக்கற, ஹார்மோன் இருக்கற "காயில்" ஒண்ணு இருக்கு, முதல் சில மாசம் சொட்டு சொட்டா பட்டாலும் அப்புறம் ரத்தப்போக்கை நல்லாவே குறைச்சுடும், தனியார்ல சில ஆயிரம் ஆகும். ஆணுறையும் இருக்கு. வீட்டுக்காரரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, டாக்டர் முன்னாடியே பேசினா உங்களுக்கும் சொல்றது சுலபமா இருக்கும், குடும்பக்கட்டுப்பாடு உங்க ஒருத்தர் பாரம் மட்டும் இல்லையே.

கேள்வி: எனக்கு 43 வயசு. 6 வருஷமா காப்பர் டி இருக்கு, ஒரு தொந்தரவும் இல்லை. 4 மாசமாத்தான் திடீர்னு அதிகமா போகுது. இதுவும் காப்பர் டியாலதானா? (வாசகி, காரைக்குடி)

பதில்: அப்படின்னு முடிவு பண்ணிடாதீங்க. 6 வருஷம் சும்மா இருந்தது இப்போ திடீர்னு ஏன் பண்ணணும்? இடம் மாறியிருக்கான்னு பாக்கணும், அதோட ஃபைப்ராய்டு கட்டி, கர்ப்பப்பை உள்சவ்வு தடிக்கறது, தைராய்டு, எல்லாத்தையும் பாக்கணும். ஸ்கேன், ஹீமோகுளோபின், தைராய்டு டெஸ்ட் எடுங்க, உங்க வயசுக்கு உள்சவ்வுல கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்னு டாக்டர் சொன்னா மறுக்காதீங்க. காரணம் தெரியாம கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு யாராவது சொன்னா மட்டும் இன்னொரு டாக்டரைக் கேளுங்க.

கேள்வி: காப்பர் டி இருந்தா மென்ஸ்ட்ருவல் கப் வைக்கலாமா? (கல்லூரி ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: வைக்கலாம், ஆனா அப்படியே பிடிச்சு இழுக்கக்கூடாது. அடியை அழுத்தி காத்து உள்ள போக விட்டு, பிடி தளர்ந்த பிறகு மெதுவா எடுக்கணும், நூல் கையில சிக்காம பாத்துக்கணும். புதுசா வச்சிருந்தா முதல்ல டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.