டேப் பிடிக்கப் போகிறவருக்கு

வணக்கம்.

நான் தாவரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கோஸ்டா ரிக்காவில் ஒரு செமஸ்டர் முழுக்க வெப்பமண்டலச் சூழலியல் படிக்கும் திட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பாதி காட்டில் களப்பணி, பாதி ஊர்மக்களோடு ‘சேவைவழிக் கற்றல்’ என்று போட்டிருக்கிறார்கள். ‘காசைக் கொடுத்துக் கூலிவேலை பார்க்கப் போகிறாய்’ என்று அண்ணன் கிண்டல் செய்கிறான். நீங்கள் அங்கே சில மாதம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். ஸ்பானிஷ்கூடத் தெரியாத நான் அங்கே போய் யாருக்கு என்ன சேவை செய்துவிட முடியும்?

ம.

அன்புள்ள ம.,

அண்ணன் சொல்வது சரிதான், அது கூலிவேலைதான். அதற்காக ஏன் வருத்தப்பட வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

லா செல்வா ஆய்வு நிலையத்தில் முதல் வாரம் என் கையில் கொடுத்தது ஒரு டேப். குரங்கையும் தவளையையும் பார்க்கலாம் என்று போனவனை மரத்தின் சுற்றளவை அளக்க விட்டார்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். அடிமரத்தில் பலகைபோலப் புடைத்து நிற்கும் பலகைவேர் இருந்தால் ஏணி வைத்து அதற்கு மேலே. கொடியை விலக்கி, பாசியைத் துடைத்து, போன தடவை அளந்த அதே இடத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். கொஞ்சம் மேலே போனாலும் கணக்கில் அந்த மரம் ஒரே வருஷத்தில் இளைத்துவிடும். என் கைவண்ணத்தில் அப்படி இரண்டு மரங்கள் இளைத்தன. மறுநாள் திரும்பப் போய் அளந்தேன்.

இவ்வளவு பாடு எதற்கு? அந்தக் காட்டில் வருஷத்துக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை. குளிர்காலம் கிடையாது. அதனால் பெரும்பாலான மரங்களில் நம்பும்படியான ஆண்டு வளையம் விழுவதில்லை, வெட்டிப் பார்த்தாலும் வயது தெரியாது. திரும்பத் திரும்ப அளப்பதைத் தவிர வேறு வழியில்லை. சூழலியலாளர்களான டேவிட் கிளார்க், டெபோரா கிளார்க் தம்பதி அங்கே 1980களிலிருந்து அளந்துகொண்டே இருந்தார்கள். 1984 முதல் 2000 வரையிலான அளவுகளை வைத்து 2003இல் ஒரு கட்டுரை வந்தது. இரவுகள் கூடுதலாகச் சூடாக இருந்த வருஷங்களில் மரங்கள் குறைவாக வளர்ந்திருக்கின்றன. பகலில் சேர்த்ததை இரவில் சுவாசித்தே செலவழிக்கிறது மரம், சூடு ஏறினால் செலவும் ஏறுகிறது என்பது விளக்கம். பதினாறு வருஷம் யாரோ டேப் பிடித்ததால் தெரிந்த விஷயம் இது.

பக்கத்து நாடான பனாமாவில் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் காட்டை 1980களின் தொடக்கத்திலிருந்து இப்படி எண்ணி வருகிறார்கள். 1 சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு எண் உண்டு. மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேலே. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி முதலிலிருந்து.

மறுபடி கோஸ்டா ரிக்காவுக்கே வந்தால், மேகம் மூடிய மலைக்காடான மாண்டெவெர்டேயின் தங்கத் தேரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் மழைக்குட்டைகளில் 1,500க்கும் மேற்பட்டவை கூடியதை ஆய்வாளர் மார்த்தா க்ரம்ப் எண்ணியிருந்தார். 1989இல் ஒன்றே ஒன்று. அப்புறம் யாரும் அதைப் பார்க்கவில்லை. எண்ணி வைக்காமல் இருந்திருந்தால் ‘முன்பு நிறைய இருந்ததாம்’ என்பதோடு அந்தக் கதை முடிந்திருக்கும்.

ஆகவே களப்பணி ஒருபக்கம், சேவை இன்னொருபக்கம் என்று பிரிப்பதே எனக்கு உறுத்துகிறது. ஒழுங்காக எழுதி ஒப்படைத்த ஒரு அளவு அந்தக் காட்டுக்குச் செய்த சேவைதான். நமக்குக் கூச்சம் வரவேண்டிய இடம் வேறு.

நான் இருந்தபோது ஒரு அமைப்பு வெளிநாட்டு மாணவர்களைக் கூட்டிவந்து பழைய மேய்ச்சல் நிலத்தில் மரம் நட வைத்தது. ஒரே நாளில் ஏகப்பட்ட கன்றுகள், ஏகப்பட்ட படங்கள். அந்த நிலங்களில் மாட்டுக்காகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கப் புல் ஆள் உயரம் வளரும். நட்ட பிறகு இரண்டு மூன்று வருஷமாவது வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்ட யாரும் இல்லை. சில மாதம் கழித்துப் போனபோது புல்லுக்குள் குச்சிகளைத் தேட வேண்டியிருந்தது. பக்கத்து நிலக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை நாலு நாள் தூங்க விடவில்லை.

தெற்கே லாஸ் குரூசெஸ் ஆய்வு நிலையத்தைச் சுற்றி கேரன் ஹோல், ராக்கன் சஹாவி என்ற சூழலியலாளர்கள் இருவரும் நடத்தும் சோதனையைப் போனால் அவசியம் பாருங்கள். 2004இல் தொடங்கியது. ஒரு துண்டில் நிலம் முழுக்க நட்டார்கள், ஒன்றில் தீவுதீவாகக் கொத்துக் கொத்தாக நட்டார்கள், ஒன்றைச் சும்மா விட்டார்கள். பறவைகளும் வௌவால்களும் அந்தத் தீவுகளுக்கு வந்து எச்சமிட்டு விதை போட, ஏறக்குறைய கால்பங்கு கன்றுகளிலேயே முழுக்க நட்டதற்குச் சமமாகக் காட்டுச்செடிகள் முளைத்தன. எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு இது பிடிக்காத செய்தி.

திட்டத்தை நடத்துகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்: நாங்கள் செய்யப்போகும் வேலையைக் கேட்டது யார், நீங்களா, அந்த ஊரா? நாங்கள் இல்லாத மாதங்களில் அதை யார் செய்வார்கள்? எங்கள் குறிப்பேடுகள் கடைசியில் எங்கே போகும்? மழுப்பினால், சேவை என்ற சொல்லை மட்டும் மனதுக்குள் அடித்துவிட்டுப் போங்கள். படிப்பு அப்போதும் நல்ல படிப்புதான்.

இன்னொன்று. காட்டின் அருமையை அங்குள்ள விவசாயிக்கு விளக்கும் வேலையைக் கொடுத்தால் நழுவிவிடுங்கள். காட்டைக் காட்டாகவே வைத்திருப்பதற்கு நிலக்காரருக்குப் பணம் கொடுக்கும் நாடு அது. 1996 வனச்சட்டத்தில் வந்த ஏற்பாடு, எரிபொருள் வரியில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. ஒரு ஹெக்டேர் காடு தனக்கு எவ்வளவு தரும், மாடு எவ்வளவு தரும் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருப்பார். நீங்கள் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

ஸ்பானிஷைப் பற்றிப் பயம் வேண்டாம், ஆனால் இன்றைக்கே தொடங்குங்கள். எண்களை முதலில் படியுங்கள். அளவை ஒருவர் கத்த இன்னொருவர் எழுதுவதுதான் பாதி வேலை. பிறகு மரங்களின் ஊர்ப்பெயர்கள். லத்தீன் பெயர் எப்படியும் வகுப்பில் வந்துவிடும்.

முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் காட்டுக்குள் இறங்காதீர்கள். டெர்சியோபெலோ என்று ஒரு விரியன், சருகோடு சருகாகக் கிடக்கும். கிளையைப் பிடிக்கும் முன் பார்த்துப் பிடியுங்கள், தோட்டா எறும்பு ஒருமுறை கொட்டினால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். காலையில் பூட்ஸைக் கவிழ்த்து நன்றாகத் தட்டிவிட்டுக் காலை விடுங்கள். என்னுடையதிலிருந்து ஒருநாள் தேள் விழுந்தது.