மீன் தொட்டியில் 21,000 ரூபாய் மிச்சமாம்!

கேள்வி: எனக்கு வயது 35. அம்பத்தூரில் தனியார் கம்பெனி வேலை, கைக்கு 42,000 ரூபாய் வருகிறது. ஆவடியில் வாடகை வீடு, முதல் மாடி. ஒரு மகள், இரண்டாம் வகுப்பு. மீன் வளர்ப்பதுதான் என் ஒரே பொழுதுபோக்கு. இப்போது நாலடித் தொட்டி ஒன்று வைக்க ஆசை. கடையில் ஸ்டாண்டோடு 38,000 ரூபாய்; நோ காஸ்ட் இ.எம்.ஐ. (வட்டியில்லாத் தவணை) தருகிறார்கள். நானே செய்தால் 10 எம்.எம். கண்ணாடி 4,500, சிலிக்கான் 600, இரும்பு ஸ்டாண்ட் 6,000, பிளைவுட்டும் தெர்மாகோலும் 1,400, ஃபில்டர், லைட் 4,500, ஆக 17,000தான். 21,000 மிச்சம். வீட்டில் இருக்கும் பழைய மர பெஞ்சில் வைத்தால் இன்னும் 6,000 மிச்சமாகும். கார்டில் தேய்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். கார்டில் ஏற்கெனவே 86,000 பாக்கி. மாதம் 4,300 தவறாமல் கட்டிவிடுகிறேன். மகள் படிப்புக்காக எஃப்.டி. 1,20,000 இருக்கிறது, அதைத் தொடுவதில்லை. மைத்துனர், என் பெயரில் 2 லட்சம் பர்சனல் லோன் எடுத்துக் கொடுத்தால் மொட்டை மாடியில் ஃபைட்டர் மீன் பண்ணை போடலாம் என்கிறார். நானே தொட்டி செய்வது சரியா?

பதில்: தொட்டியை நீங்களே செய்யுங்கள். கணக்குப் போட்டிருக்கும் விதத்திலேயே கை பழகியவர் என்று தெரிகிறது. ஆனால் கடிதத்தில் இரண்டு இடத்தில் ‘மிச்சம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டுமே மிச்சமில்லை.

முதலில் பெஞ்ச். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம். விளிம்பு வரை நிரப்பாவிட்டாலும் 240 லிட்டர், அதாவது 240 கிலோ. கண்ணாடி 50 கிலோ, மணலும் கல்லும் 30, 40 கிலோ. ஆக, ஐந்து ஆட்கள் இறங்காமல் இரவும் பகலும் அதன்மேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். பழைய பெஞ்சின் கால் ஒரு நூல் இறங்கினாலும் தொட்டி முறுகி, சிலிக்கான் மூலையில் பிளக்கும். கீழ் வீட்டு சீலிங், ஹவுஸ் ஓனரின் அட்வான்ஸ் பிடித்தம் எல்லாம் அப்போது கணக்கில் வரும். எதில் குறைத்தாலும் ஸ்டாண்டில் குறைக்காதீர்கள். ஒன்றரை அங்குல ஸ்கொயர் பைப்பில் வெல்டிங் வைத்து, மேலே 18 எம்.எம். பிளைவுட், அதன்மேல் தெர்மாகோல். ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் தண்ணீர். கூடத்தின் நடுவில் வேண்டாம், பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள்.

இப்போது கார்டுக்கு வருவோம். உங்களைக் கெடுப்பது மீனுமில்லை, தொட்டியுமில்லை. அந்த 4,300தான். ‘தவறாமல் கட்டுகிறேன்’ என்று பெருமையாக எழுதுகிறீர்கள். அது மினிமம் டியூ, அதாவது மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை. தாமதக் கட்டணம் வராமல் காக்கும், அவ்வளவே. பொதுவாக கார்டு வட்டி மாதம் 3.5%, அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி., ஆக 4.13%. 86,000க்கு மாதம் 3,550 ரூபாய். நீங்கள் கட்டும் 4,300ல் அசலில் கழிவது வெறும் 750. நடுவில் மீன் தீனி, ஃபில்டர் பஞ்சு என்று ஒருமுறை கார்டைத் தேய்த்தால் அந்த 750ம் போச்சு. இன்னொன்றும் கவனியுங்கள்: பாக்கி வைத்திருப்பவருக்கு ‘45 நாள் வட்டியில்லை’ என்ற சலுகை கிடையாது. தேய்த்த அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

சரி, இந்த 17,000ஐயும் அதே கார்டில் ஏற்றினால்? மாதம் 700 ரூபாய் வட்டி. முப்பதே மாதத்தில் உங்கள் 21,000 ‘மிச்சம்’ பேங்கிடம் போய்ச் சேர்ந்திருக்கும், 17,000 அசல் அப்படியே நிற்கும்.

கடைக்காரர் சொல்லும் நோ காஸ்ட் இ.எம்.ஐ.யும் எனக்குப் பிடிக்காத சரக்கு. வட்டி பூஜ்ஜியம் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. பெரும்பாலும் வட்டியைத் தள்ளுபடி மாதிரி கழித்துக் காட்டுகிறார்கள். பிராசஸிங் ஃபீஸும் வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் உங்கள் தலையில். அந்தக் கடையிலேயே ‘ரொக்கமாகத் தந்தால் என்ன விலை?’ என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த எஃப்.டி.யைத் தொடமாட்டேன் என்பது எனக்குப் புரியவே இல்லை. அதில் 86,000க்கு வருடம் கிடைப்பது 6,000 ரூபாய்க்குள்தான். அதே 86,000க்கு கார்டுக்காரனுக்கு வருடம் 42,000க்கு மேல் கொடுக்கிறீர்கள். மகள் பெயரைச் சொல்லி வைத்த பணம் மகளுக்கு நஷ்டத்தைத்தான் சேர்க்கிறது. எஃப்.டி.யை முடித்து கார்டு பாக்கியை ஒரே தவணையில் அடைத்துவிடுங்கள். முன்கூட்டி முடித்தால் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் குறைப்பார்கள், போகட்டும். மீதி 34,000ஐத் திரும்ப எஃப்.டி.யில் போடுங்கள். இனி மாதாமாதம் மிஞ்சும் 4,300ல் 2,500 மகளுக்கான ஆர்.டி. (மாதாந்திர சேமிப்பு), 1,800 தொட்டிக்கு. நாலு மாதத்தில் ஸ்டாண்ட் வந்துவிடும், அப்புறம் கண்ணாடி, கடைசியில் ஃபில்டர். பத்து மாதம் ஆகும். ஆகட்டுமே. புதுத் தொட்டியில் தண்ணீர் பக்குவப்படவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அவசரப்பட்டு ஏஞ்சல் மீன் ஜோடியை விட்டுவிட்டு, செத்ததும் கொளத்தூர் மீன் சந்தைக்கு ஓடுகிறவர்கள் செலவழிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மைத்துனர் விஷயம். 2 லட்சம், 15% வட்டி, மூன்று வருடம் என்றால் மாதத் தவணை 6,900 ரூபாய். ஃபைட்டர் ஆண் மீன்கள் ஒன்றோடொன்று சண்டை போடும் என்பதால் ஒவ்வொன்றாகத் தனித்தனி பாட்டிலில் வளர்க்க வேண்டும்; தீனியும் தண்ணீர் மாற்றும் வேலையும் தினம். கொளத்தூர் மொத்த வியாபாரி என்ன விலைக்கு எடுப்பார் என்று மைத்துனர் கேட்டுவிட்டாரா? பண்ணை வீடியோ எடுப்பவர்கள் இந்த விலையைச் சொல்வதில்லை. ‘மானியம் வரும்’ என்பார். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் அலங்கார மீனுக்கு 40%, பெண்களுக்கும் பட்டியல் பிரிவினருக்கும் 60% என்று வைத்தது உண்மைதான். ஆனால் மானியம் விண்ணப்பித்தவர் கணக்குக்குப் போகும், கடன் உங்கள் பெயரில் நிற்கும். அவரே விண்ணப்பிக்கட்டும், அவரே கடன் வாங்கட்டும். உங்களிடம் பழைய இரண்டடித் தொட்டி ஏதாவது இருந்தால் பழகக் கொடுங்கள். ‘என் கார்டு பாக்கியே அடையவில்லை மச்சான்’ என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஒரு எச்சரிக்கை: 86,000ஐ முழுதாகக் கட்டிய பிறகும் அடுத்த பில்லில் வட்டி வரும். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. பதறாமல் அதையும் முழுசாகக் கட்டுங்கள். அதற்கடுத்த பில்லில் பாக்கி பூஜ்ஜியம் என்று பார்த்துவிட்டு வெல்டிங் பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுங்கள், ரொக்கமாக.