கிரகணமும் ஃபிலிம் ரோலும்

அன்புள்ள ஐயா,

2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்தை மொட்டைமாடியில் நின்று செல்போனில் எடுத்தேன், ஒரு சிவப்புப் புள்ளிதான் மிஞ்சியது. அப்பாவின் நிக்கான் எஃப்எம்2 கேமராவும் 50 எம்எம், 35 எம்எம் லென்ஸ்களும் நல்ல நிலையில் இருக்கின்றன. அடுத்த முழு கிரகணத்தை ஃபிலிமில் எடுக்க ஆசை. தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் பெரிய டெலி லென்ஸ் வாங்க வேண்டுமா? எக்ஸ்போஷர் எவ்வளவு வைப்பது?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

டெலி லென்ஸ் வாங்காதீர்கள். லென்ஸின் குவியத்தூரத்தை 110ஆல் வகுத்தால் ஃபிலிமில் விழும் நிலாவின் அளவு ஏறக்குறைய வந்துவிடும். 200 எம்எம்மில்கூட 2 மில்லிமீட்டர் தேறாது. அதற்கு மேல் போனால் நிலா நகர்வதில் படம் கலங்கும், நிலாவோடு சேர்ந்து திரும்பும் மவுன்ட் வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும். ஃபிரேம் நிறைய சிவப்பு நிலாதான் ஆசை என்றால் டிஜிட்டலே மேல், ஃபிலிம் பிரியனான நானே சொல்கிறேன்.

ஃபிலிமில் செய்து பார்க்க வேண்டியது வேறு. டிரைபாடை அசைக்காமல், கிரகணம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, எல்லாமே ஒரே ஃபிரேமில். உங்கள் கேமராவில் வைண்ட் லீவரை ஒட்டி ஒரு குட்டி லீவர் இருக்கும், அதை இழுத்துப் பிடித்தபடி வைண்ட் செய்தால் ஷட்டர் மட்டும் ஏறும், ஃபிலிம் நகராது.

தொடக்கம் முதல் முடிவு வரை நம் ஊரில் தெரியப்போகும் அடுத்த முழு கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு. எட்டரை மணிக்குமேல் நிழல் கடிக்கத் தொடங்கி, பத்தரை மணியை ஒட்டி நடுவுக்கு வந்து, நள்ளிரவு தாண்டித்தான் விடும். இந்த மூன்றரை மணி நேரத்தில் நிலா வானத்தில் சுமார் 47 பாகை போய்விடும், 50 எம்எம்மின் நீளவாக்கில் 40 பாகைதான் அடங்கும், ஆகவே 35 எம்எம்மை மாட்டுங்கள். மார்கழிப் பௌர்ணமி நிலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு ஏறிவிடும், கோபுரத்தையோ தென்னையையோ சேர்த்து எடுக்கும் கனவை இப்போதே விட்டுவிடுங்கள். பன்னிரண்டு மணிக்குப் புத்தாண்டு வெடிப்புகை வேறு வரும், ஊருக்கு வெளியே போய்விடுவது நல்லது.

இனி எக்ஸ்போஷர். அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துவாரத்தை, எஃப்/4இல் வைத்துவிட்டு அப்புறம் அதைத் தொடவே தொடாதீர்கள், ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில் முழு நிலவுக்கு 1/1000 நொடி போதும். முழுதாக மறைந்தபின் ஒளி பத்தாயிரம் மடங்கு, சில சமயம் அதைவிடவும் குறையும், அப்போது பி-யில் (அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலை), கேமராவைத் தொடாமல் அழுத்த உதவும் கேபிள் ரிலீஸ் போட்டுப் பத்து நொடி. ஆனால் இந்தப் பத்து நொடியை முன்கூட்டியே யாரும் உத்தரவாதம் தர முடியாது. 1991இல் பினதுபோ எரிமலை வெடித்துத் தூசி மேல் வளிமண்டலத்தில் தங்கியிருந்ததால் 1992 டிசம்பர் 9 கிரகணத்தில் நிலா ஏறக்குறைய காணாமலே போனது. நிலா எவ்வளவு இருட்டு என்பதை டான்ஜோன் என்ற பிரெஞ்சு வானியலாளர் 0 முதல் 4 வரை ஐந்து படிகளாகப் பிரித்தார். செம்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தால் 4, கண்ணுக்கே அகப்படவில்லை என்றால் 0. அன்றிரவு கேமராவின் லைட் மீட்டரை மறந்துவிட்டுக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள், மங்கலாக இருந்தால் தயங்காமல் முப்பது நொடிக்குப் போங்கள்.

நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிம் சோம்பிவிடும், நொடி கூடக்கூட அதே விகிதத்தில் கறுக்காது. இதை அளந்து சூத்திரமாக்கியவர், பின்னாளில் கருந்துளைக் கணக்கால் புகழ்பெற்ற அதே கார்ல் ஷ்வார்ஸ்சைல்ட்தான். டிரை-எக்ஸ் மாதிரி பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பத்து நொடிக்கே இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) கூட்டித் தர வேண்டும், ஃபுஜியின் கலர் ஃபிலிமான புரோவியா 100எஃப் இரண்டு நிமிடம்வரை சமாளிக்கும். சிவப்பு வேண்டும் என்பதால் நான் புரோவியாவைத்தான் சொல்வேன், விலையைக் கேட்டால் மயக்கம் வரும், அது வேறு கதை.

ரோலின் முதல் ஃபிரேமில் பகல் வெளிச்சத்தில் எதையாவது எடுத்து வையுங்கள், வீட்டு வாசலாக இருந்தாலும் சரி. மற்றதெல்லாம் கறுப்பாக இருப்பதால் ஃபிரேம் எங்கே முடிகிறது என்று லேபில் தெரியாமல் நடு நிலாவில் கத்தரி வைத்துவிடுவார்கள். வெட்டாமல் அப்படியே தரும்படி கவர்மேல் எழுதியும் கொடுங்கள். 2028 ஜூலை 6 இரவு ஒரு பகுதி கிரகணம் வருகிறது, மேகம் விட்டால் ஒத்திகையை அன்றே ஒரு மலிவான ரோலில் பார்த்துவிடலாம்.