குரல் அறுவையும் ஐந்து கட்டையும்

வணக்கம் அம்மா. நான் திருநங்கை. சிறு வயதிலிருந்து கர்நாடக இசை கற்றவள். குரல் உடைந்தபின் ஒரு கட்டை என்ற தாழ்ந்த சுருதியில்தான் பாட வருகிறது. தொலைபேசியில் ‘சார்’ என்று அழைக்கும்போதெல்லாம் உடைந்துபோகிறேன். குரலைப் பெண்குரலாக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடலாமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பேச்சுக்கு அந்த அறுவை உதவக்கூடும். ஐந்து கட்டைக்கு அதை நம்பிப் போகாதீர்கள்.

பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் நீளமாக்கித் தடிக்க வைத்த குரல்நாண்களைப் பின்னாளில் எடுத்துக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் குறைப்பதில்லை. ஆகவே வெண்ட்லர் முறையில், வாய்வழியே கருவி செலுத்தி, நாண்களின் முன்பகுதியில் மேல்தோலை நீக்கி இரண்டையும் சேர்த்துத் தைக்கிறார்கள்; அதிரும் நீளம் குறைய, சுருதி ஏறுகிறது. வீணையில் தந்தியின் நீளம் குறைகிறது, குடம் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்டை, வாய் இவற்றின் கார்வையைப் பயிற்சிதான் மாற்ற வேண்டும்.

ஐந்து கட்டைச் சட்ஜம், அதாவது ஆதார ஸ்வரமான ‘ஸ’, வினாடிக்கு ஏறத்தாழ 196 அதிர்வு. அதில் தார ஸ்தாயிப் பஞ்சமம், அதாவது மேல் ஸ்தாயி ‘ப’, 587. தையல் உங்கள் அடிக்குரலை மேலே தூக்குமே தவிர, உச்சியை அந்த அளவுக்கு உயர்த்தித் தரும் என்று எதிர்பார்க்க இடமில்லை. என்னிடம் கற்ற ஒரு திருநங்கை, அறுவை முடிந்து எட்டாம் மாதம் நாலு கட்டைத் தம்புராவின் முன் அமர்ந்தார். மத்திய சட்ஜம் தெளிவாக நின்றது. கீழ் ஸ்தாயியான மந்திரத்தின் பஞ்சமத்துக்கு இறங்கியபோது வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் வந்தது. மேலேயோ முன்பு தொட்ட காந்தாரத்தை (‘க’) தாண்டவில்லை. பிறகு பல மாதங்கள் மெதுவான விளம்ப காலத்தில், தொடக்கப் பாடமான சரளி வரிசைதான் பாடினோம்.

ஜப்பானிய மருத்துவர் இஷிகி 1970களில் வகுத்த இன்னொரு முறையில் குருத்தெலும்புகளை நெருக்கிக் கட்டி நாண்களை இறுக்குவார்கள். மேல் ஸ்வரங்களுக்கென்று நாண்களை நீட்டும் அசைவே அதில் செலவாகிவிடுகிறது. தந்தியை இறுக்கும் பிருடையை முறுக்கி ஆணியடித்த வீணையில் சுருதி எப்படிக் கூட்டுவது? பாடுகிறவர்கள் இதற்குச் சம்மதிக்கக் கூடாது என்பதே என் திடமான கருத்து.

தொண்டைச் சிகிச்சைக்குப் பின் குரல் கனத்துப்போன கங்குபாய் ஹங்கல், அந்தக் கனத்த குரலிலேயே இந்துஸ்தானி இசையின் கிரானா கரானா என்ற மரபின் பெரும் பாடகியாக விளங்கினார். உங்கள் வலியைச் சிறிதாக்க இதைச் சொல்லவில்லை. பேச்சுக்காக அறுவை வேண்டுமென்றால் அது முழுக்க நியாயமான விருப்பம். ஆனால் முதலில் குரல் சிகிச்சையாளரிடம் சில மாதங்கள் பயிலுங்கள். மந்திரத்திலிருந்து தாரம் வரை இன்றைய உங்கள் எல்லையைப் பதிவு செய்து, நீங்கள் பாடுகிறவர் என்பதை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். அந்தப் பதிவை எனக்கும் அனுப்புங்கள். இரண்டரைக் கட்டையில் தொடங்கலாமா என்று கேட்டுச் சொல்கிறேன்.