ஸ்டெம் செல் இருக்கட்டும், காலைத் தலைவலியைக் கவனியுங்கள்

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி, அப்பாவின் நுரையீரல் நோய்க்கு ஒரு கிளினிக் வீடியோக்களைக் காட்டிச் சொல்லும் ஸ்டெம் செல் (மூல உயிரணு) ஊசியைப் போடலாமா என்பது பற்றியது. என்னைத் தூக்கிவாரிப் போட்டதோ கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் சில வரிகள்: அப்பா காலையில் தலைவலியோடு எழுகிறார், பகலெல்லாம் தூங்கி வழிகிறார், அதனால் ஆக்சிஜன் கருவியை 2 லிட்டரிலிருந்து 5 லிட்டருக்கு ஏற்றிவிட்டோம், இரவில் நன்றாகத் தூங்கட்டும் என்று நாலு நாளாக அல்பிரசோலம் மாத்திரை கொடுக்கிறோம். ஸ்டெம் செல்லுக்குப் பிறகு வருகிறேன். இது இன்றைக்கே பார்க்க வேண்டிய விஷயம்.

அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய்), எஃப்.இ.வி.1 அளவு, அதாவது முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்று, இயல்பில் 34 சதவீதம் என்கிறீர்கள். அந்த நிலையில் நுரையீரலின் இரண்டு வேலைகளுமே தடுமாறும்: ஆக்சிஜனை உள்ளே எடுப்பது, கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுவது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் முதல் வேலையைப் பற்றி மட்டும்தான் சொல்லும். 97 காட்டுகிறது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போதே ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கலாம். தூக்கத்தில் மூச்சின் ஆழம் குறையும். இரவெல்லாம் தேங்கிய அந்த வாயு மூளையின் ரத்தக் குழாய்களை விரிக்கும், விடிந்ததும் தலை வலிக்கும். எழுந்து நடமாடிய கொஞ்ச நேரத்தில் வலி தானாகக் குறைகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

இதில் ஆக்சிஜனை அளவுக்கு மீறி ஏற்றினால் நிலைமை மோசமாகும். காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்தம் போகாமல் நுரையீரல் தானே சுருக்கி வைத்திருக்கும். கூடுதல் ஆக்சிஜன் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும். ரத்தம் அங்கெல்லாம் வீணாகச் சுற்றி, கழிவு வாயுவைக் கழிக்காமலே திரும்பும். தூக்க மாத்திரை மூச்சைத் தூண்டும் மூளைப் பகுதியையே மந்தப்படுத்தும். இரண்டையும் சேர்த்து, யாரையும் கேட்காமல், நாலு நாளாகக் கொடுத்திருக்கிறீர்கள். கோடீன் கலந்த இருமல் சிரப் வீட்டில் இருந்தால் அதையும் கொடுக்காமல் ஒதுக்கி வையுங்கள்.

முதலில் அப்பாவை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, விரல்களை விரித்து அரை நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். கைகள் பறவையின் சிறகு அடிப்பதுபோலத் திடீர் திடீரென்று தொய்ந்து நிமிர்ந்தால், அல்லது அவர் பேச்சு குழறினால், இடம் நேரம் குழம்பினால், தட்டி எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டால், உடனே ஆம்புலன்ஸ். ஏறும்போதே “சி.ஓ.பி.டி. நோயாளி, ஆக்சிஜன் 88 முதல் 92-க்குள் இருக்கட்டும்” என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்களும் முகமூடியை முழுவேகத்தில் திறந்துவிடக்கூடும்.

இவை எதுவும் இல்லை என்றால் ஆக்சிஜனை அரை லிட்டர் அரை லிட்டராகக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் பொறுத்து ஆக்சிமீட்டரைப் பாருங்கள். 88-க்கும் 92-க்கும் இடையில் வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். பயந்துபோய் ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள், ஆக்சிஜன் மளமளவென்று இறங்கி அது தனி ஆபத்தாகும். அல்பிரசோலம் இன்றிரவு வேண்டாம். எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்றைக்கே ஏ.பி.ஜி. என்னும் ரத்த வாயுப் பரிசோதனை செய்தாக வேண்டும். மணிக்கட்டுத் தமனியிலிருந்து எடுக்கும் ரத்தம் அது. சாதாரண ஊசியைவிடக் கொஞ்சம் வலிக்கும். அதில் கார்பன் டை ஆக்சைடு இயல்பாக 35 முதல் 45 வரை இருக்கும். அது கூடி, பி.எச். (ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 7.35-க்குக் கீழே போயிருந்தால் மருத்துவமனையில் சேர்த்து பைபேப் முகமூடி (காற்றை அழுத்தத்தோடு தள்ளி மூச்சுக்கு உதவும் கருவி) வைப்பார்கள். பி.எச். சரியாக இருந்து வாயு மட்டும் கூடியிருந்தால், வீட்டிலேயே இரவில் பைபேப் தேவையா என்று நுரையீரல் மருத்துவர் முடிவு செய்வார்.

இனி ஸ்டெம் செல். சி.ஓ.பி.டி.க்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. அப்பாவின் நோயில் காற்றுப்பைகளின் சுவர்கள் கிழிந்து, அவற்றில் ஓடிய நுண்குழாய்களும் மீள்நார்களும் அழிந்துவிட்டன. சிரை (ரத்தக் குழாய்) வழியே ஏற்றும் செல்கள் “நேராக நுரையீரலுக்குப் போகும்” என்று அந்தக் கிளினிக் சொல்வது உண்மைதான். சிரை ரத்தம் முதலில் போய்ச் சேரும் இடம் அது என்பதால் நுண்குழாய்களில் சிக்கி நிற்கும். ஆனால் பெரும்பாலானவை ஓரிரு நாளில் மறைந்துவிடும், புதுச் சுவர் எதையும் கட்டுவதில்லை. 2013-இல் வெளியான ஆய்வில் 62 நோயாளிகளில் ஒரு பாதிக்கு மாதம் ஒருமுறை, நான்கு முறை, ஒவ்வொன்றிலும் 10 கோடி செல்கள் ஏற்றி இரண்டு ஆண்டு கவனித்தார்கள். மறுபாதிக்குப் போலி மருந்து. நுரையீரல் திறன் கூடவில்லை, நோய் திடீரென முற்றுவதும் குறையவில்லை.

அந்த ஆய்வில் செல்களால் பெரிய கெடுதல் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவை ஒழுங்காகத் தயாரித்துச் சோதித்த செல்கள். 2018-இல் அமெரிக்காவில், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்ததாக விற்ற பொருளைப் போட்டுக்கொண்ட 12 பேருக்கு பாக்டீரியா தொற்று வந்து மருத்துவமனையில் கிடந்தார்கள். குடல் கிருமிகள் அந்தக் குப்பிகளிலேயே இருந்தன.

வீடியோவில் பேசுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. கூடவே கொடுக்கும் ஸ்டீராய்டும் ஓய்வும் நம்பிக்கையும் சில வாரம் மூச்சை லேசாக்கும். சிகிச்சைக்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் எடுத்த ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் நுரையீரல் திறன் சோதனை) தாளைக் கேட்டுப் பாருங்கள். “ஆய்வில் சேர்க்கிறோம்” என்றால் பதிவு எண், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், ஒப்பிட இன்னொரு குழு உண்டா என்று கேளுங்கள். பதிவு எண் இருந்தாலே நல்ல ஆய்வு என்று ஆகிவிடாது. சோதனை மருந்துக்கே உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முழங்கால், சர்க்கரை, நுரையீரல் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி போடும் இடம் என்றால் உள்ளேயே போக வேண்டாம்.

இன்ஹேலர் பழகிவிடுமா என்ற பயத்தை விடுங்கள், பழகாது. ஸ்கேனில் தெரிந்த 4 மி.மீ. புள்ளிக்காகத் தூக்கம் கெட வேண்டாம். அவர் புகைத்தவர் என்பதால் ஓராண்டு கழித்து மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்தால் போதும்.

உங்களைக் குடைவது வேறு ஒன்று என்று புரிகிறது: பணத்தைப் பார்த்து அப்பாவைக் கைவிட்டவராகிவிடுவோமோ என்பது. இந்த ஊசியை மறுப்பதால் அப்படி ஆகாது. அந்தப் பணத்தை ஆறிலிருந்து எட்டு வாரம் நடக்கும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கும், இன்ஃப்ளூயன்சா, நிமோனியா தடுப்பூசிகளுக்கும், தேவைப்பட்டால் பைபேப் கருவிக்கும் வையுங்கள். கார்பன் டை ஆக்சைடு கட்டுக்குள் வந்தபின், மூச்சுக்குழாய் வால்வு (கெட்டுப்போன பகுதிக்குள் காற்று புகாமல் தடுக்கும் சிறு கருவி) வைக்க அவர் பொருத்தமானவரா என்று கேளுங்கள். அதற்கு நுரையீரலில் தங்கும் காற்றின் அளவும், நுரையீரல் மடல்களுக்கு (பெரிய பிரிவுகளுக்கு) இடையிலான பிளவு முழுமையாக இருக்கிறதா என்பதும் பார்ப்பார்கள். சிகரெட்டை விட்டு மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். அப்பா விட்டுவிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஆக்சிஜன் ஓடும் அறையில் ஒரு பீடி பற்றவைத்தாலும் முகம் கருகிவிடும், அதையும் அவரிடம் இன்றே கேளுங்கள்.