வாசகர் கேள்வி – பதில்: கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கொடிவழி

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், வெருலத்தில் ஒரு கரும்புப் பண்ணையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். பண்ணை உரிமையாளரின் வீட்டுக் கூடத்தில், 1066இல் நார்மண்டியிலிருந்து வந்த ஒரு வீரர் தொடங்கி அவர் வரை இருபத்தெட்டுத் தலைமுறைகளைக் காட்டும் கொடிவழிப் படம் கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்குகிறது. எங்கள் குடும்பத்திலோ, ஒப்பந்தக் கூலியாக வந்த பாட்டனாருக்குக் கப்பல் பட்டியலில் இட்ட எண்ணுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவர்களால் மட்டும் எப்படி முடிந்தது? அந்தப் படத்தை நம்பலாமா? – வாசகர், வெருலம்

பதில்: படத்தின் நடுப்பகுதியை ஓரளவு நம்பலாம்; உச்சியை நம்ப வேண்டாம்.

அந்தப் பெயர்களில் பெரும்பாலானவற்றை முதலில் எழுதி வைத்தவர்கள் குடும்பத்தார் அல்லர், அரசனின் அதிகாரிகள். பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த படை இங்கிலாந்தை வென்ற 1066க்குப் பிறகு, அந்நாட்டின் நிலம் முழுவதும் அரசனுடையது என்பதே சட்டக் கொள்கை. மற்றவர்கள் அவனிடமிருந்தோ, அவனிடம் பெற்றவரிடமிருந்தோ, படைச்சேவை முதலிய கடமைகளுக்கு ஈடாக நிலத்தை அனுபவித்தார்கள். அரசனிடமே நேராக நிலம் பெற்றவர் ஒருவர் இறந்தால், “இறுதி நாளை முடித்தார்” என்ற பொருள் தரும் இலத்தீன் தொடரோடு ஓர் ஆணை புறப்படும். எஸ்கீட்டர் எனப்பட்ட அதிகாரி அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களைக் கூட்டிச் சத்தியம் வாங்கி, இறந்தவர் எந்தெந்த நிலத்தை யாரிடமிருந்து எந்தக் கடமைக்காக வைத்திருந்தார், அதன் ஆண்டு வருமானம் என்ன, அவர் இறந்த நாள் எது, அடுத்த வாரிசு யார், அவருக்கு வயது என்ன என்று கேட்டு எழுதிக்கொள்வார். 1236 அளவில் தொடங்கும் இந்த விசாரணைப் பதிவுகள் பதினேழாம் நூற்றாண்டு வரை நீள்கின்றன. இன்று லண்டனில் கியூ என்னுமிடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

வாரிசின் வயதில் அரசனுக்கு ஏன் அவ்வளவு அக்கறை என்றால், அதில் பணம் இருந்தது. மகனுக்கு 21 வயது நிறையாவிட்டால், நிலத்தின் வருமானமும் பிள்ளையின் திருமணத்தை முடிவு செய்யும் உரிமையும் அரசன் கைக்குப் போகும். அவன் இரண்டையும் விற்கலாம். பிள்ளை தனக்கு வயது வந்துவிட்டது என்று சொன்னால் சாட்சிகள் வந்து நிரூபிக்க வேண்டும். ஒருவர், அந்தக் குழந்தை பிறந்த அன்றுதான் குதிரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேன் என்பார். இன்னொருவர், அதே கோவிலில் அதே நாளில் என் மகனுக்கும் ஞானஸ்நானம் நடந்தது என்பார். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே மாதிரியான கால்முறிவுகள் மாவட்டந்தோறும் திரும்பத் திரும்ப வருவதைக் கண்ட வரலாற்றாசிரியர்கள், எழுத்தர்கள் அச்சு வார்ப்பாக எழுதியவையும் இவற்றில் உண்டு என்கிறார்கள். அதுபோலவே வாரிசுக்கு “முப்பதும் அதற்கு மேலும்” என்று எழுதியிருந்தால், அவர் பெரியவராகிவிட்டார் என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. விசாரணை நடந்த ஆண்டிலிருந்து முப்பதைக் கழித்துப் பிறந்த ஆண்டை எழுதிவிடும் வழக்கம் பல கொடிவழிகளைக் கெடுத்திருக்கிறது.

உச்சிக்கு வருவோம். 1086இல் இங்கிலாந்து முழுவதற்கும் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கில் பெயர்கள் உண்டு, ஆனால் உறவுமுறை அரிது. அந்தக் காலத்திலிருந்து ஆண்வழியில் அறுபடாமல் வந்ததற்குச் சான்றுள்ள குடும்பங்கள், ஆர்டன், பெர்க்லி போல, விரல்விட்டு எண்ணத்தக்கவை. மற்றவர்களுக்கு என்ன நடந்திருக்கலாம் என்பதற்கு நார்ஃபோக் மாவட்டத்துப் பாஸ்டன் குடும்பத்தைப் பாருங்கள். 1419இல் இறந்த கிளெமென்ட் பாஸ்டன், நூறு நூற்றிருபது ஏக்கரைத் தாமே உழுத குடியானவர் என்றும், சேணமில்லாத குதிரையின் முதுகில் தானியத்தைப் போட்டு அதன்மேல் அமர்ந்தே மாவு ஆலைக்குப் போய்வந்தவர் என்றும், கடன் வாங்கி மகனைப் படிக்க வைத்தவர் என்றும் குடும்பத்துக்கு ஆகாத ஒருவர் எழுதி வைத்த குறிப்பு சொல்கிறது. அந்த மகன் வில்லியம் 1429இல் நீதிபதியானார், நிலமாக வாங்கிக் குவித்தார். சொத்து பெருகியதும் பகையும் பெருகியது. இவர்கள் அடிமைக் குடியில் வந்தவர்கள் என்று எதிரிகள் கிளப்பினார்கள். அது மானப் பிரச்சினை மட்டுமன்று, நிலத்தையே இழக்க நேரும் வழக்கு. குடும்பத்தார் பழைய பத்திரங்களைக் காட்டி, தங்கள் மூதாதை வுல்ஸ்டன் பிரான்சிலிருந்து வந்தவர் என்று வாதாட, 1466இல் நான்காம் எட்வர்டு அவர்களை உயர்குடியினர் என்று அறிவித்தார். வுல்ஸ்டன் என்பது அசல் பழைய ஆங்கிலப் பெயர் என்பதை அவையில் யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை!

உங்கள் பாட்டனாரைப் பற்றி ஒரு சொல். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்த ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேரையும் பதிந்த எழுத்தர்கள், எஸ்கீட்டரைப் போலவே, எசமானரின் கணக்குக்காகத்தான் எழுதினார்கள். ஆனால் சென்னைக் கப்பல் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்திலேயே தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் ஆகிய பத்திகள் உண்டு. ஆகவே எண்ணைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குப் பூட்டனார் பெயரும் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அந்த வரி முழுவதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மூத்த மகனுக்கே எல்லாம் என்பது ஆங்கிலேயர் முறை என்கிறார்கள். மகனே இல்லாத வீட்டில் நிலம் பங்காளிகளுக்குப் போயிற்றா? – வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இல்லை, மகள்களுக்குப் போயிற்று, அதுவும் சம பங்காக. மூத்தவள் என்பதற்காகக் கூடுதலாக ஒரு காணியும் கிடையாது. 1314இல் ஸ்காட்லாந்தில் நடந்த பானக்பர்ன் போரில் குளோஸ்டர் கோமகன் கில்பர்ட் டி கிளேர் பிள்ளையின்றி மடிந்தபோது, அவருடைய பெரும் சொத்து எலினர், மார்கரெட், எலிசபெத் என்ற மூன்று சகோதரிகளுக்கு வந்தது. ஆனால் விதவை மாட், தாம் கருவுற்றிருப்பதாகச் சொன்னார். பிறக்கப் போகும் குழந்தைக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் 1317இல்தான் பாகப்பிரிவினை முடிந்தது. குழந்தை பிறக்கவே இல்லை. எலினரின் கணவர் ஹியூ டெஸ்பென்சர் பிறகு மைத்துனிகளின் பங்கிலும் கைவைத்தது தனிக்கதை. விதவைக்கு ஆயுள் வரை மூன்றில் ஒரு பங்கு உண்டு. 1285இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, வாரிசு வரிசையைப் பத்திரத்திலேயே கட்டிவைக்க வழி பிறந்தது. ஆண்வழிக்கு மட்டும் என்று எழுதிய வீடுகளில்தான் நீங்கள் சொல்லும் பங்காளிகள் உள்ளே வந்தார்கள்.

கேள்வி: இங்கே கவுண்டர் “கோவெண்டர்” ஆனதுபோல அங்கேயும் குடும்பப் பெயர்கள் மாறினவா? – வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: தாராளமாக. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் நிலத்தின் பெயரே ஆளின் பெயர் என்பதால், வேறு வேறு ஊர்களைப் பெற்ற அண்ணன் தம்பிகள் வேறு வேறு பெயர் பூண்டார்கள். தாய்வழிச் சொத்து பெரிதானால் பிள்ளை தாயின் பெயரை எடுத்துக்கொள்வான். புகழ்பெற்ற நெவில் குடும்பத்தின் பெயர் நார்மானியப் பெயர். ஆனால் அது இசபெல் டி நெவில் என்ற பெண்வழி வந்தது. அவர் மணந்த ரேபி ஊர்த் தலைவர் ராபர்ட், மெல்ட்ரெட் என்பவரின் மகன், மண்ணின் பழைய ஆங்கிலக் குடியைச் சேர்ந்தவர். வெருலம் வாசகர் அந்தப் படத்தை மறுபடி பார்க்க நேர்ந்தால், பெயர் மாறாமல் இருபத்தெட்டுத் தலைமுறையும் ஓடுகிறதா என்பதைக் கவனித்து எழுதட்டும்.