பந்தயக் காரும் பழைய டிவியும்

கே: 'கிராண்ட் ப்ரீ' கார் பந்தயப் படத்தை செல்போனில் துண்டு துண்டாகப் பார்த்தேன். இதற்காக ப்ளூ-ரே டிஸ்க் வாங்குவது வீண் செலவா?

ப: செல்போனிலா பார்த்தீர்கள்? பாவம் இயக்குநர் ஃபிராங்கன்ஹைமர்! 1966-இல் அவர் அதை எடுத்தது 70 மி.மீ. அகலத்திரைக்கு. படத்தின் காட்சி ஆலோசகர் சால் பாஸ் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒரே காட்சியைப் பல கோணங்களில் காட்டுவார். போனில் அதெல்லாம் தபால்தலை சைஸ்தான்.

என்னிடம் முதலில் இருந்தது 2006-இல் வந்த இரட்டை டிவிடி. 2011-இல் ப்ளூ-ரே வந்ததும் அதையும் வாங்கினேன். வீட்டில் திட்டு விழுந்தது, அது தனிக் கதை. ஆனால் மொனாக்கோ தெருக்களில் கார் திரும்பும்போது சாலையின் சொரசொரப்புகூடத் தெரிகிறது. கேமராவை ஓடும் காரிலேயே பூட்டி எடுத்த காட்சிகள். நாயகன் ஜேம்ஸ் கார்னர் காரைத் தானே ஓட்டினார். ஒலி, ஒலி விளைவு, படத்தொகுப்பு என மூன்று ஆஸ்கர் வாங்கிய படம், அதனால் நல்ல ஸ்பீக்கர் முக்கியம். நான் சத்தத்தைக் கூட்டிவைத்ததில், மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். அப்புறம் அவரும் உட்கார்ந்து பார்த்தார்.

காதல் காட்சிகள் இழுவைதான். ரிமோட் எதற்கு இருக்கிறது? வாங்குங்கள்.